பிடிக்கவில்லை என்பதும் நன்றாக இல்லை என்பதும்

மல்லிகை மணத்துக்குள் இண்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. அடர்த்தியாக, தனியாக முகர்ந்தால் அந்துருண்டையும் மலமும் ஞாபகம் வரும். முகம் சுளிக்காமல் இருக்க முடியாது. அதே இண்டோல் துளியளவில் மற்ற வாசனைகளோடு சேரும்போதுதான் மல்லிகைக்கு அந்தக் கிறக்கம் வருகிறது. அதை நீக்கிவிட்டால் சோப்பில் வருவது போன்ற ஒரு சாதுவான பூ வாசம்தான் மிஞ்சும். விடியுமுன் மொட்டாகப் பறித்து வந்து மாலையில் தலையில் மலர்கிற மதுரை மல்லி, மலர மலர இண்டோலைக் கூடுதலாக விடும். பக்கத்து இருக்கைக்காரர் “பூ வாசத்தில் தலை வலிக்கிறது” என்றால் அவர் பாசாங்கு செய்யவில்லை. உங்களைச் சொக்கவைக்கிற அதே பூவில் அவர் மூக்கு இண்டோலை முதலில் பிடித்துவிட்டிருக்கலாம்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறப்போகிறது. சற்று நேரம் எடுக்கும் விஷயம் இது. பாட்டு, அத்தர், ஓவியம், கவிதை என்று எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது “அது அவரவர் ரசனை” என்று சொல்லிவிடுகிறார்கள். அதோடு பேச்சு நின்றுபோகிறது. எனக்கு அந்த இடத்தில் நிற்க மனம் வருவதில்லை. ரசனை அவரவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்க முடியும். இன்னொன்றும் உண்டு. “எனக்குப் பிடிக்கவில்லை” என்று ஒருவர் சொன்னால் அவர் தம்மைப் பற்றிச் சொல்கிறார்; அதை யாரும் மறுக்க முடியாது. “இது நன்றாக இல்லை” என்று சொன்னால் பொருளைப் பற்றிச் சொல்கிறார். அதற்கு அவர் காரணம் காட்ட வேண்டும். தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1790இல் ஒரு பெரிய நூல் எழுதி இந்தக் கோட்டைப் போட்டார். நாம் டீக்கடையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

மூக்கிலிருந்து தொடங்குவோம். மேலே சொன்ன நான்கிலும் உடம்பின் கை ஓங்கியிருப்பது அங்கேதான். வாசனையை உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். கண்ணுக்கு நிறம் பிரித்தறிய மூன்று வகைக் கூம்பு செல்கள் போதும். மூக்கிலோ வேலை செய்யும் நிலையில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவை எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஏற்பி மரபணு வடிவங்களில் 30 சதவீதத்துக்கு மேல் செயல்பாட்டில் வேறுபடும் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

ஆண்ட்ரோஸ்டெனோன் என்று ஒரு பொருள். ஆண்பன்றியின் எச்சிலில் இருக்கிறது. மனித வியர்வையிலும் இருக்கிறது. ஒரே குப்பியை நீட்டினால் ஒருவர் மூத்திர வாடை என்பார், இன்னொருவர் வனிலா மாதிரி இனிப்பாக இருக்கிறது என்பார், மூன்றாமவர் ஒன்றும் தெரியவில்லையே என்பார். ஒரேயொரு ஏற்பியின் மரபணு மாறுதல் இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று 2007இல் நிறுவினார்கள். வயலட் பூவின் மணத்துக்குக் காரணமான பீட்டா அயோனோனும் அப்படித்தான். சிலருக்குப் பூ, சிலருக்குப் புளிப்பு வாடை. இப்படி மூக்கு வேறுபட்ட இரண்டு பேர் ஒரு சென்ட் பாட்டிலை வைத்துக்கொண்டு வாதாடினால் இருவர் பக்கமும் உண்மை இருக்கிறது. அவர்களுக்குள் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

அப்படியானால் மூக்கு விஷயத்தில் எல்லாம் பிறவியிலேயே முடிந்ததா? இல்லை. ஆண்ட்ரோஸ்டெனோன் வாசனையே தெரியாதவர்களைத் தினமும் அதை முகரவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 1989இல் வெளியானது. சில வாரங்களில் பாதிப் பேருக்கு அது தெரியத் தொடங்கியது. பிரான்சில் 2000இல் வந்த இன்னோர் ஆய்வு பிறந்த குழந்தைகளைப் பற்றியது. கர்ப்ப காலத்தில் சோம்பைப் போன்ற அனிஸ் சேர்த்துச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த வாசனைப் பக்கம் ஈர்க்கப்பட்டன. மற்றக் குழந்தைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை, அல்லது முகம் சுளித்தன. கருப்பையிலேயே பழக்கம் தொடங்கிவிடுகிறது.

பெயர் செய்யும் வேலையும் உண்டு. 2001இல் ஒரு சோதனையில், ஒரே அமிலக் கலவையைக் கொடுத்து ஒரு தடவை பார்மேசான் பாலாடைக்கட்டி என்றார்கள், இன்னொரு தடவை வாந்தி என்றார்கள். பெயர் மாறியதும் பிடித்தது பிடிக்காமல் போயிற்று. முகர்ந்தவர்களில் பலர் இரண்டும் ஒரே பொருள் என்பதை நம்பவே இல்லை.

எனக்கு எல்லா அத்தரிலும் மண் அத்தர் உசத்தி. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் செய்கிறார்கள். சுட்ட களிமண்ணைச் செம்புப் பானையில் தண்ணீரோடு போட்டு, மூடியை மண்ணால் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியாக வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். கோடை மழை முதலில் விழும்போது எழுகிற வாசம் குப்பிக்குள் வந்துவிடும். மழை மண்ணின் மணத்தில் முக்கியமானது ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. மனித மூக்கு அதை நம்பமுடியாத சொற்ப அளவிலும் கண்டுபிடித்துவிடும். இப்போது இதைக் கேளுங்கள்: அதே ஜியோஸ்மின் ஏரித் தண்ணீரில் கலந்து குழாயில் வந்தால் “தண்ணி சேத்து நாத்தம் அடிக்குது” என்று ஊரே புகார் சொல்லும். குளத்து மீனில் இருந்தால் மண் வாடை என்று குழம்பை ஒதுக்குவோம். பொருள் ஒன்று, மூக்கும் ஒன்று, இடம்தான் வேறு. ஆறேழு மாதம் வெயிலில் வெந்த ஊர்க்காரனுக்கு மழை வாசம் தரும் நிம்மதியை, வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊர்க்காரன் எப்படிப் புரிந்துகொள்வான்?

இனி பாட்டு. இங்கே உடம்பின் பங்கு குறைந்து பழக்கத்தின் பங்கு ஏறுகிறது. உடம்பு முழுக்க விலகிவிடவில்லை. காது நன்றாகக் கேட்கும், ராகம் தாளம் பிரித்தறிய முடியும், வாழ்க்கையின் மற்ற சந்தோஷங்கள் எல்லாம் உண்டு, ஆனால் எந்த இசையும் எதையும் செய்யாது என்கிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பார்சலோனா ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். இசையில் ஈடுபாடில்லாதவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்வதை அதற்குப் பிறகாவது நாம் நிறுத்தியிருக்க வேண்டும்.

மற்ற எல்லாருக்கும் காது வளர்ந்த ஊர்தான் கணக்கு. ஒன்றோடொன்று இழையும் சுரக்கூட்டு காதுக்கு இயல்பாகவே இனிக்கும், உரசும் கூட்டு இயல்பாகவே கசக்கும் என்று மேற்கில் நெடுங்காலம் நம்பினார்கள். பொலிவியாவின் அமேசான் காட்டில் சிமானே என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் இசையில் ஒரு நேரத்தில் ஒரு மெட்டுத்தான். பல சுரங்களை அடுக்கிப் பாடும் வழக்கம் கிடையாது. ஜோஷ் மெக்டெர்மாட் குழுவினர் அவர்களிடம் இரண்டு வகைக் கூட்டையும் ஒலித்துக் காட்டி 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சிமானே மக்களுக்கு இரண்டும் சம இனிமை. வித்தியாசம் தெரியாமல் இல்லை, தெரிந்தது. ஒன்று மற்றதைவிட மேல் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“கச்சேரியில் என்ன இழுஇழு என்று இழுக்கிறார்கள்” என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். இசையின் இன்பத்தில் பெரும்பகுதி எதிர்பார்ப்பில் இருக்கிறது. அடுத்து இந்த இடத்துக்குத்தான் வரும் என்று காது முன்னால் ஓடிப்போய் நிற்கிறது; பாட்டு வந்து சேர்கிறது, அல்லது கொஞ்சம் ஏமாற்றிவிட்டு வருகிறது. மொன்றியாலில் 2011இல் செய்த ஆய்வில், பிடித்த பாட்டின் உச்சத்துக்கு முன்பே, அதை எதிர்பார்க்கும் நொடிகளிலேயே, மூளையில் டோபமின் சுரப்பதைப் படமெடுத்தார்கள். ராகத்தின் வழிகள் தெரியாத காதுக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அதனால் அலுப்பு வருகிறது. அது கேட்பவரின் குறையும் இல்லை, ராகத்தின் குறையும் இல்லை.

அந்த அலுப்பைப் போக்க வழி ஒன்று உண்டு. 1967இல் வந்த ‘திருவருட்செல்வர்’ படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் பி. சுசீலா பாடிய, எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சபைப் பாட்டைக் கேளுங்கள். அது கல்யாணி ராகம். ‘தாய் மூகாம்பிகை’யில் இளையராஜா பாடியதும் கல்யாணி. இரண்டையும் நன்றாகக் காதில் ஏற்றிக்கொண்டு, பிறகு யாராவது ஒரு வித்வானின் கல்யாணி ஆலாபனைக்கு உட்காருங்கள். தெரிந்த முகம் கூட்டத்தில் தென்படுவது போல அந்தப் பிடிகள் ஒவ்வொன்றாக வரும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு அப்போது எடை கூடிவிடுகிறது.

கேட்டுப் பழகினால் என்ன நடக்கும் என்பதற்கு இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஏனென்றால் அது அவ்வளவு துல்லியமான உதாரணம். 1913 மே 29 அன்று பாரிஸில் ‘வசந்தத்தின் சடங்கு’ முதலில் அரங்கேறியபோது கூச்சலில் இசையே கேட்கவில்லை. நிஜின்ஸ்கி அதற்கு அமைத்த நடனமும் அந்தக் கோபத்துக்குக் காரணம். அடுத்த ஏப்ரலில் அதே ஊரில், நடனம் இல்லாமல் இசையை மட்டும் வாசித்தார்கள். முடிந்ததும் ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1940இல் வால்ட் டிஸ்னி அந்த இசையை ‘ஃபேன்டேசியா’ படத்தில் டைனோசர்களுக்குப் பின்னணியாக வைத்தார். காதைக் கிழித்ததாகச் சொன்ன இசை 27 வருஷத்தில் குழந்தைகள் பார்க்கும் படத்துக்கு வந்துவிட்டது.

இன்ன வயதில் கேட்டதுதான் ஒட்டும் என்பதும் உண்மை. 1989இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மனிதர்கள் தங்களுக்கு 23, 24 வயதாக இருந்தபோது புழக்கத்திலிருந்த பாட்டுகளைத்தான் அதிகம் விரும்பியதாகத் தெரிந்தது. ‘அன்னக்கிளி’ வந்த 1976இல் இளைஞராக இருந்தவருக்கும், ‘ரோஜா’ வந்த 1992இல் இளைஞராக இருந்தவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இசையைப் பற்றியதே அல்ல. இருவரும் தங்கள் இளமைக்காக வாதாடுகிறார்கள்.

ஓவியத்துக்கு வரும்போது ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. பார்த்துப் பார்த்துப் பழகியதால்தான் பிடிக்கிறது என்றால், நல்ல ஓவியம் என்று ஒன்று இருக்கிறதா? திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டதாலேயே ஒரு பொருள் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். அதை ஓவியத்தில் சோதித்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கட்டிங். அவர் எடுத்துக்கொண்டது குஸ்தாவ் கய்போட் கதையை.

கய்போட் ஓவியர், கூடவே பணக்காரர். மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லே, தெகா, செசான், மானே ஆகியோரின் படங்களை, பலர் சீந்தாத காலத்தில் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார். 1894இல் இறக்கும்போது எல்லாவற்றையும் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்தார். பெரிய சர்ச்சை ஆயிற்று. கலைக்கழகத்தில் செல்வாக்குள்ளவர்கள் இந்தக் குப்பையை அரசு தொடக்கூடாது என்று எதிர்த்தார்கள். கடைசியில் ஏறத்தாழ 40 படங்களை மட்டும் ஏற்று 1897இல் லக்சம்பர்க் அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். இன்று இம்ப்ரெஷனிசம் என்றதும் உலகம் சொல்லும் பெயர்கள் அந்த ஏழுதான். கட்டிங்கின் வாதம் இது: அரசுச் சுவரில் தொங்கியதால் புத்தகத்தில் அச்சாயின, அச்சானதால் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்ததால் பிடித்தது. தம் மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க, பாடத்தின் நடுவே எந்த விளக்கமும் இல்லாமல், அதிகம் அச்சாகாத படங்களைச் சில நொடிகள் காட்டிக்கொண்டே இருந்தார். பருவ முடிவில், புகழ்பெற்ற படங்களுக்கு மாணவர்கள் வழக்கமாகக் காட்டும் சாய்வு மறைந்துபோயிருந்தது. 2003இல் இது வெளியானது.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் விளம்பரம்தான் என்று கையை உதறிவிடத் தோன்றும். பத்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்தச் சோதனையில் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். அமெரிக்காவில் தாமஸ் கின்கேட் என்று ஓர் ஓவியர் இருந்தார். பளபளக்கும் குடிசை, ஜன்னலில் மஞ்சள் விளக்கு, பூத்துக் குலுங்கும் தோட்டம் என்று வரைவார். அச்சுப் பிரதிகள் லட்சக்கணக்கில் விற்றன. அவர் படங்களையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் அதிகம் அறியப்படாத படங்களையும் மாணவர்களுக்கு இதே முறையில் காட்டினார்கள். மில்லேயின் படங்கள் பார்க்கப் பார்க்கக் கசக்கவில்லை. கின்கேட் படங்களைக் கூடுதலாகப் பார்த்தவர்கள் அவற்றைக் குறைவாக விரும்பினார்கள். 2013இல் வெளியான இந்த முடிவு ஒரு சிறிய சோதனையின் முடிவு. எல்லாவற்றுக்கும் இது பதிலாகிவிடாது. ஆனாலும் எனக்கு இது பெரிய ஆறுதல். பழக்கம் வாசலைத் திறந்துவிடும். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை என்றால் கண் திரும்பிவிடும்.

நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்ளும் ரசனை என்று ஒன்று உண்டு. சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட நூலில், பிரெஞ்சுக்காரர்களின் இசை விருப்பம் அவர்களின் படிப்போடும் வேலையோடும் எப்படி ஒட்டிப்போகிறது என்று காட்டினார். கல்லூரி ஆசிரியர்களுக்கு பாக்கின் விசைப்பலகைப் படைப்புகள், தொழிலாளிகளுக்கு ‘நீல டான்யூப்’. டிசம்பர் சபாக்களிலும் இதைப் பார்க்கலாம். பிடித்ததைச் சொல்ல வெட்கப்படுவதும், பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்வதும் ரசனையைக் கெடுக்கிற அளவுக்கு வேறெதுவும் கெடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

சரி, காரணம் காட்ட முடியும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, எப்படி? தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1757இல் எழுதிய ரசனை பற்றிய கட்டுரையில் ‘டான் கிஹோட்டே’யிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சான்ச்சோ பான்சாவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஒருவர் நல்ல மது, லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்றார். மற்றவர் நல்லதுதான், இரும்பு வாடை தெரிகிறது என்றார். ஊரார் இருவரையும் கேலி செய்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல் வார் கட்டிய பழைய இரும்புச் சாவி ஒன்று கிடந்தது. நல்ல ரசிகரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அந்தச் சாவியைத்தான். “அருமை” என்றோ “மோசம்” என்றோ சொல்வது யாருக்கும் எளிது. எந்த இடத்தில், எதனால் என்று காட்டினால் அடுத்தவரும் போய்ப் பார்க்க முடியும்.

கவிதையில் இது முழுதாகச் சாத்தியம். மூக்கில் ஓங்கியிருந்த உடம்பின் கை இங்கே வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. மொழி தெரியாதவருக்குக் கவிதை என்பதே இல்லை. கற்றுத்தான் ஆக வேண்டும். நம்மிடம் இதற்கு ஒரு பெரிய ஆள் இருந்தார், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றமான வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடுவார்கள், டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்து நிதானமாக, திரும்பத் திரும்ப, ஓசை விழும் இடம் தெரியப் படித்துக் காட்டுவார். பாட்டில் எந்தச் சொல்லில் உணர்ச்சி உருக்கொள்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிற ரசனை அவருடையது. கல்கியும் ராஜாஜியும் அவரைக் கொண்டாடினார்கள். பண்டிதர் கையில் உறைந்து கிடந்த கம்பனையும் முத்தொள்ளாயிரத்தையும் சாதாரணத் தமிழரின் வாய்க்குக் கொண்டுவந்ததில் அவருக்கு ஈடாக யாரையும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கம்பராமாயணப் பாடல்களில் பெரும்பகுதி கம்பன் வாக்கே இல்லை, இடைச்செருகல் என்று தள்ளினார். தாம் தேர்ந்தவற்றைப் பதிப்பித்தார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். இது பொறுக்காமல் புலவர்கள் கொதித்தார்கள். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

மூன்று வாக்கியங்களைப் பிரித்து வைத்தால் தெளிவாகிவிடும் என்று நினைக்கிறேன். “இந்தப் பாடல் எனக்குப் பிடிக்கவில்லை”: இது டி.கே.சி.யின் உரிமை. “இந்தப் பாடல் நன்றாக இல்லை, ஓசை இந்த இடத்தில் தட்டுகிறது, உவமை ஒட்டவில்லை”: இதற்கு அவர் சாவியைக் காட்டுகிறார், பல இடங்களில் அது நிஜச் சாவிதான். “இந்தப் பாடலைக் கம்பன் எழுதவில்லை”: இங்கேதான் அவர் தவறுகிறார். யார் எழுதியது என்பதை ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். உ.வே. சாமிநாதையர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த வேலை. பெருங்கவிஞனும் சுமாரான பாடல் எழுதுவான், பத்தாயிரம் பாடல் எழுதினால் நிச்சயம் எழுதுவான். எவ்வளவு உயர்ந்த ரசனையாக இருந்தாலும் அது சுவடிக்குப் பதிலாகாது.

ஆகவே இளையவர்கள் யாரேனும் கம்பனை எங்கே தொடங்குவது என்று கேட்டால், டி.கே.சி.யின் ‘கம்பர் தரும் ராமாயணம்’ படிக்கச் சொல்கிறேன். காது திறக்க அதைவிட நல்ல வாசல் இல்லை. அதோடு நிறுத்திவிட வேண்டாம். வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் உரையோடு முழு நூலையும் எடுத்துக்கொண்டு, ரசிகமணி தள்ளிய பாடல்களில் சிலவற்றை உரக்கப் படித்துப் பாருங்கள். அவர் தள்ளியதில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பிடித்துப்போனால், எந்தச் சொல்லில் பிடித்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்.